புது வீட்டுத் தரையில் சிவப்புப் புள்ளிகள்

போன வருஷம் தை மாதம். பட்டாபிராமில் என் சம்பந்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். நெமிலிச்சேரி போகும் வழியில் புதிதாக மனை பிரித்த இடத்தில், கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன் என்று அழகாகக் கட்டியிருந்தார்கள். வீடு முழுக்கப் பளபளவென்று வெள்ளை டைல்ஸ். அந்த வெள்ளைத் தரைதான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

எனக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்து வளர்ந்தது விருதுநகர் பக்கம். என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை என்பதால், கல்யாணமாகி வந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. அவர் ஓய்வு பெற்றதும் முகப்பேரில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். எங்களுக்கு ஒரே பெண். அவளைக் கட்டிக் கொடுத்திருப்பது இந்தப் பட்டாபிராம் குடும்பத்தில். மாப்பிள்ளைக்கு ஐ.டி. வேலை. சம்பந்தி அம்பத்தூரில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். லாரி விபத்தில் போய்விட்டது என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். சம்பந்தியம்மா மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சு தெருக்கோடி வரை கேட்கும். "இன்னா சம்பந்தியம்மா, சோக்கா கீறீங்களா?" என்றுதான் போனில் ஆரம்பிப்பார். அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் இளக்காரம். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

நானும் அவர்களிடம் ஒன்றை மறைத்திருந்தேன். எனக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருஷம் ஆகிறது. வரன் பார்த்தபோது தரகர், "அம்மாவுக்கு சுகர்னு சொன்னா, பொண்ணுக்கும் வரும்னு யோசிப்பாங்க. எதுக்கும்மா?" என்றார். நானும் சரியென்று வாயை மூடிக்கொண்டேன். சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் மாத்திரைகளைப் பவுடர் டப்பாவுக்குள் போட்டு வைப்பேன். அவர்கள் தட்டில் வைத்த லட்டை மறுபேச்சில்லாமல் சாப்பிடுவேன். கல்யாணம் முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் அதுவும் தள்ளிக்கொண்டே போனது.

இதற்கிடையில் கால்கள் எனக்கு ஏதேதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தன. பஞ்சு மெத்தை மேல் நடப்பது போல இருக்கும். பாதம் எப்போதும் சில்லென்று இருக்கும். ரயில் நிலையத்தில் மேம்பாலம் ஏறினால் பாதிப் படியில் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். ஒருமுறை பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். கொய்யாப்பழம் விற்கிற அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"யக்கா, செருப்பு ஒண்ணு இங்கியே கீது. நீ பாட்டுக்குப் பூட்டே கீறியே!"

திரும்பிப் பார்த்தால் என் இடது கால் செருப்பு நாலைந்து கடை தள்ளிக் கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டேன். வயசாகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையிலேயே போய்விட்டோம். பசுவை அழைத்து வந்து, பால் காய்ச்சி, ஹோமம் முடியும் வரை எல்லாரும் வெறுங்காலோடுதான் இருந்தோம். பெண்ணைக் கொடுத்தவள் ஓரமாக உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? நான் ஓடி ஓடி வேலை செய்தேன். வாசலுக்கும் சமையல்கட்டுக்கும், கீழுக்கும் மேலுக்கும் எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. நடக்கும்போது டிக் டிக்கென்று ஒரு சத்தம் கூடவே வந்தது. புது டைல்ஸில் மெட்டி தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுப் பந்தி தொடங்குவதற்கு முன்னால் ஹாலில் சம்பந்தியம்மாவின் நாத்தனார் குரல் கேட்டது. சம்பந்தியின் அக்கா அவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஆரத்தித் தண்ணிய எவ இப்படிச் சிந்திக்கினே போனது?"

எல்லாரும் தரையைப் பார்த்தோம். வெள்ளை டைல்ஸில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாகப் போயிருந்தது. ஹாலைக் குறுக்கே கடந்து, பூஜை அறை வாசலில் திரும்பி, மாடிப்படி வரை. நாத்தனார் குனிந்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"ஐயய்யோ, ரத்தம்!"

மேளம் வாசிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நல்ல நாளும் அதுவுமாகப் பூஜை அறை வாசலில் ரத்தம். யாரோ ஒரு பிள்ளை கண்ணாடியை மிதித்துவிட்டு ஓடுகிறது என்று நான்தான் முதலில் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தி, பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒரு குழந்தையின் அம்மாவிடம், "பிள்ளைய இப்படியா கவனிக்காம விடுவாங்க?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். நான் நடந்து போன இடமெல்லாம் புதிதாகப் புள்ளி விழுந்துகொண்டிருந்தது.

அப்போது சம்பந்தியம்மா காபித் தட்டோடு சமையல்கட்டிலிருந்து வந்தார். தரையைப் பார்த்தார். புள்ளிகளின் கூடவே அவர் கண் மெதுவாக நகர்ந்து வந்து என் புடவைக் கரையில் நின்றது. நான் என்னவென்று புரியாமல் அவரைப் பார்த்தேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"அட, என் காலுதான். கொல்லைல என்னமோ குத்திச்சு. இன்னாத்துக்கு இத்தினி ஆர்ப்பாட்டம்? போய்ப் பந்தியப் பாருங்க."

சொல்லிவிட்டு ஒரு காலை நொண்டிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தார். "சம்பந்தியம்மா, உள்ள வந்து ஒரு கட்டு போட்டு உடுங்க."

அவருக்குத்தான் அடி என்று நம்பி நானும் போனேன். படுக்கை அறைக்குள் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"குந்துங்க. இடது காலக் காட்டுங்க."

"என் காலையா? எதுக்குங்க?"

அவர் கீழே உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் பதறிப்போய் இழுத்தேன். மாப்பிள்ளையைப் பெற்றவர். பெண்ணைக் கொடுத்த என் காலை, அதுவும் அன்றைக்கென்று எடுத்த பட்டுப்புடவை மேல் வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உடம்பே கூசிப்போனது.

"ஆடாம இருங்க. ஆணி கீது."

பாதத்தில், இரண்டாவது விரலுக்குக் கீழே, ஒயர் கிளிப் அடிக்கிற சின்ன ஸ்டீல் ஆணி, எலக்ட்ரீஷியன்கள் விட்டுப் போனது. தலை வரைக்கும் உள்ளே இறங்கியிருந்தது. டிக் டிக்கென்று தரையில் தட்டியது அதுதான். எப்போது குத்தியது என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பிடித்து இழுத்தபோது ரத்தம் குபுக்கென்று வந்தது. அப்போதும் எனக்கு யாரோ துணியால் தடவுவது போலத்தான் இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "வலிக்கலியா?"

"லேசா."

"சுகர் கீதா சம்பந்தியம்மா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல ஒரு வினாடி போதும். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. வேறு யாரும் இல்லை. என் கால் அவர் மடியில் இருந்தது.

"இல்லையே," என்றேன்.

அவர் குழாய்த் தண்ணீரில் காயத்தைக் கழுவி, துவைத்த வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினார். நான் மஞ்சள் தூள் கேட்டேன். "மஞ்சா, காபித் தூள் ஒண்ணும் வேணாம். இன்னிக்கே டாக்டராண்ட காட்டிருங்க, ஊசி போட்டுக்கங்க," என்றார். நான் தலையாட்டினேன். பிறகு அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. மிச்சத் துணியை எடுத்து, எந்தக் காயமும் இல்லாத தன் பாதத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். எனக்குத் தன் செருப்பைக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலம் வரை அந்தக் கட்டோடு நொண்டி நொண்டியே விருந்தாளிகளைக் கவனித்தார்.

நான் டாக்டரிடம் போகவில்லை. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர், சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்கவில்லை என்று திட்டுவார். அதைவிட முக்கியமாக, வலியே இல்லை. வலிக்காத காயத்துக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? முள் கீறிவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு, காலை அதற்குள் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தேன். இதமாகக்கூட இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீரைக் கொட்டுவதற்காகப் பேசினைத் தூக்க வந்த என் வீட்டுக்காரர் கையை உதறிக்கொண்டு, "ஏம்மா, கொதிக்குதே! இதிலயா கால வச்சிருந்த?" என்றார். பாதம் சிவந்து, ஓரமெல்லாம் பொரிந்திருந்தது. அதற்கும் ஏதோ களிம்பு தடவி, சாக்ஸை மாட்டிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் என் பெண் போன் செய்தாள். "அம்மா, அத்தை பாவம்மா. புது வீட்டுக்கு வந்த முதல் நாளே பூஜை ரூம் வாசல்ல ரத்தம் சிந்திட்டாங்கன்னு பெரியத்தை போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. இனிமே இந்த வீட்ல என்ன நடந்தாலும் இவங்களாலதானாம். அத்தை ஒரு வார்த்தை திருப்பிப் பேசலம்மா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்களும் கொஞ்சம் பார்த்து நடந்திருக்கலாம்," என்றேன். போனை வைத்த பிறகு நிலைக்கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சாக்ஸ் ஈரமாக ஆரம்பித்தது. ஒரு நாற்றம் வந்தது. முதலில் குப்பைத் தொட்டி என்று நினைத்துக் கழுவினேன், பிறகு பாத்ரூமைக் கழுவினேன். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபோது சாக்ஸ் மேல் இன்னொரு சாக்ஸ் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து ஊதுவத்தி கொளுத்த ஆரம்பித்தேன். உடம்பு காய்ந்தது. வீட்டுக்காரர் கேட்டபோது சளிக் காய்ச்சல் என்றேன்.

ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியம்மா வந்து நின்றார். பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு கூடையில் முருங்கைக்கீரை. நான் எழுந்து நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், "வாங்க, வாங்க," என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார்.

"ஊடு பூரா இன்னா ஊதுவத்தி?"

"வெள்ளிக்கிழமை இல்லையா, அதான்."

"இன்னிக்குப் புதன்கெழம சம்பந்தியம்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். தெருக்கோடி வரை கேட்கிற அந்தக் குரல் அவ்வளவு தணிந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"நாங்களும் கொளுத்துனோம். எங்கூட்டுக்காரரு காலு நாறுனப்ப."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"லாரி கீரி ஒண்ணும் இல்ல. சுகருதான். புது ஷூ கடிச்சு, தோ இத்தினூண்டு கொப்புளம். வலிக்கலன்னு பட்டறைக்குப் போய்க்கினே இருந்தாரு. நாத்தம் வெளிய தெரியக் கூடாதுன்னு நான் ஊதுவத்தி கொளுத்துனேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முழங்காலுக்குக் கீழ பூடுச்சு. புள்ளைக்குப் பொண்ணு பாக்கறப்ப, சுகர்னு சொன்னா எவன் குடுப்பான்னு லாரி மேல பழியப் போட்டோம்."

என் சாக்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்க மறைச்சோம். நீங்களும் மறைச்சீங்க. அந்த ஆணியப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். காலக் காட்டுங்க."

நான் பவுடர் டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் திறந்து வைத்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சாக்ஸைக் கழற்றினேன். சாக்ஸோடு தோலும் கொஞ்சம் வந்தது. இரண்டாவது விரல் கறுத்திருந்தது. பேச்சுக் குரல் கேட்டு உள்ளேயிருந்து வந்து நின்ற என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார். சம்பந்தியம்மா மூக்கைப் பொத்தவில்லை. "ஆட்டோ கூப்புடுங்க," என்றார்.

பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம், சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கென்றே இருக்கிற ஒரு மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். அவர் கணவருக்குப் பார்த்த இடம். அங்கே ஒரு பெண் டாக்டர். என் பெண்ணைவிட நாலைந்து வயது கூட இருக்கும். காயத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கால்களையும் சோதிக்க வேண்டும் என்றார். நைலான் நரம்பு போல ஒரு மெல்லிய இழை வைத்திருந்தார். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்; அந்த இழை பாதத்தில் படும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

கண்ணை மூடினேன். கொஞ்சம் பொறுத்து, "தெரியுது," என்றேன். மறுபடி, "இப்ப தெரியுது." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் தெரியுது டாக்டர்."

பதிலே வரவில்லை. கண்ணைத் திறந்தேன். டாக்டர் அந்த இழையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல."

சம்பந்தியம்மா பக்கத்தில்தான் இருந்தார். அவர் முகத்தைத் திருப்பிச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குத் தெரியும், அது எனக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். யாரை ஏமாற்றப் பார்த்தேன்? என் காலைக் காப்பாற்ற வந்தவர்களையா?

"பரவாயில்லம்மா, மறுபடி செய்வோம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அது தப்பில்ல," என்றார் டாக்டர். இந்த முறை நான் பேசாமல் இருந்தேன். இடது பாதம் முழுவதும் முடிகிற வரை பேசாமலே இருந்தேன்.

அதன் பிறகு கணுக்காலில் ஜெல் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டார்கள். வலது காலில் உஷ் உஷ்ஷென்று கேட்டது. இடது காலில் காதைத் தீட்டினால்தான் ஏதோ கேட்டது. ரத்தம் சரியாகப் போகாததால்தான் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, பாதம் சில்லிடுகிறது, காயம் ஆற மறுக்கிறது என்று டாக்டர் விளக்கினார். உணர்ச்சி இல்லாததால் ஆணி குத்தினது தெரியவில்லை, வெந்நீர் சுட்டதும் தெரியவில்லை. "அன்னைக்கே வந்திருந்தா ஒரு ஊசி, மாத்திரை, ஒழுங்கான கட்டு, இதோட போயிருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சும்மா," என்றபோது அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, அடைத்திருந்த ரத்தக் குழாயை முதலில் விரித்துவிட்டார்கள். பிறகு அந்த இரண்டாவது விரலை எடுத்தார்கள். மெட்டி போடுகிற விரல். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் மெட்டியைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தபோது, அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மருந்து வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். கையில் மருந்து எதுவும் இல்லை.

கால் தப்பிவிட்டது. அதற்கு என்ன புண்ணியம் செய்தேனோ.

வார்டில் இருந்தபோது சம்பந்தியம்மாவின் நாத்தனார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் கட்டுப் போட்ட காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எதிரே சம்பந்தியம்மா எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன். பூஜை ரூம் வாசல்ல இவ ரத்தத்தக் கொட்டினாளே, அது சும்மா போவுமா? தோ, பொண்ணுக் குடுத்தவங்க காலுல வந்து நின்னுச்சு பாரு."

சம்பந்தியம்மா டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஆற்றிக்கொண்டே இருந்தார். கஞ்சி எப்போதோ ஆறிவிட்டிருந்தது. இந்த முறையும் பேசாமல் இருந்தால், கால் இருந்தும் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று தோன்றியது.

"அது என் ரத்தம்," என்றேன்.

"இன்னாது?"

"அன்னைக்குத் தரையில விழுந்தது என் ரத்தம். என் கால்லதான் ஆணி. எனக்கு ரொம்ப வருஷமா சுகர். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சேன். எனக்கு அவமானமாயிடக் கூடாதுன்னு சம்பந்தியம்மா தன் கால்னு சொன்னாங்க. இத்தனை நாள் அவங்க திட்டு வாங்கும்போது நான் வேடிக்கை பார்த்தேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா டம்ளரை ணங்கென்று வைத்தார். "இப்ப அத்த இன்னாத்துக்குச் சொல்லிக்கினு? கம்முனு கஞ்சியக் குடிங்க!" என்று என்னை அதட்டினார். வழக்கமான அந்தப் பெரிய குரல். அன்றைக்கு அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நாத்தனார் என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு ஸ்டூலுக்கு வெளியே நீட்டியிருந்த தன் பாதங்களை மெதுவாக உள்ளே இழுத்துப் புடவையால் மூடிக்கொண்டார். குதிகாலில் பழைய பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்ததை நானும் சம்பந்தியம்மாவும் ஒரே நேரத்தில் பார்த்தோம். "எவ்ளோ நாளா இது?" என்று சம்பந்தியம்மா கேட்டார். நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கொஞ்ச நாளாத்தான்," என்றார். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று அவரை நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கேட்க வேண்டியவர் கேட்டுக்கொண்டார். அன்றைக்கே அவரைக் கீழே புறநோயாளிப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு என் நாள் பாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. காலையில் பல் தேய்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவேன். என் வீட்டுக்காரர் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பார்ப்பார். சிவப்பாக, கறுப்பாக, வெடிப்பாக, கொப்புளமாக ஏதாவது தெரிந்தால் டாக்டருக்கு உடனே போன். வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து நானே பார்த்துக்கொள்வேன். கழுவிய பிறகு விரல் இடுக்கு ஈரமில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். வறண்ட இடத்தில் கிரீம் தடவலாம், இடுக்கில் கூடாது. நகத்தை நேராகத்தான் வெட்ட வேண்டும், ஓரத்தைக் குடைந்து அல்ல. முன்பெல்லாம் பாதத்தில் காய்த்துப்போன கால் ஆணியைப் பிளேடால் நானே சீவுவேன். இப்போது நினைத்தால் நடுக்கம் வருகிறது. தண்ணீர் சூட்டைக் கால் சொல்லாது என்பதால், முழங்கையை வைத்துப் பார்த்துத்தான் குளிக்கிறேன். வீட்டுக்குள்ளேயும் செருப்புதான். மாட்டுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுத் துழாவி, கல் கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். கோயிலில், கல்யாண வீட்டில், வெறுங்காலோடு நடக்க வேண்டிய இடத்தில், "எனக்குச் சுகர், கால்ல உணர்ச்சி கிடையாது," என்று சொல்லிச் சுத்தமான சாக்ஸ் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அடியாகத் தரையைப் பார்த்து நடக்கிறேன்; திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பாதத்தைப் பார்க்கிறோம். சொன்னதற்காக இதுவரை யாரும் என்னை வெளியே போகச் சொன்னதில்லை.

அவரவர் வீட்டு ரகசியம் மட்டுமே தெரிந்து, அதை வாய்விடாமல் இருந்த என் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்து, இரண்டு வீட்டுக் கதையையும் சொன்னோம். என் பெண் முதலில் கோபப்பட்டாள். "ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து எங்களத்தான ஏமாத்தியிருக்கீங்க!" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. இப்போது அவர்கள் இருவரும் சர்க்கரை பரிசோதித்துக்கொண்டு, இனி வருஷா வருஷம் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். சம்பந்தி தன் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் முன்னாலேயே உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார்.

சம்பந்தியம்மா இன்றும் வந்தால் முதலில், "காலக் காட்டுங்க," என்றுதான் சொல்வார். நீட்டும்போது எனக்கு இன்றும் கூசுகிறது. விரல் போனதற்காகக் கூசுவதில்லை. அவர் என் அவமானத்தைத் தன் பாதத்தில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நொண்டியபோது, எதுவும் தெரியாதவள் போல நானும் பந்தியில் உட்கார்ந்து அவர் கையால் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேனே, அந்த நினைப்பு மட்டும் எந்த மருந்துக்கும் ஆறாமல் இருக்கிறது.